பத்து விநாடிக்குள் ஒரு நண்பன்

நாலரை வயதில் ஒருத்திக்கு எத்தனை நண்பர்கள் இருக்க வேண்டும் என்று லிஃப்ட்காரரைக் கேட்டிருந்தால், “அது அவ பாடு, அவ கூட்டாளிங்க பாடு” என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போயிருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை. அதற்கென்றே மழலையர் கவன மேம்பாடு மற்றும் நட்பு ஒழுங்குமுறை வாரியம் என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாடிக் கட்டிடம், அதில் நூற்றுப் பத்துப் பேர். அவர்கள் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, இரண்டு என்று கண்டுபிடித்தார்கள். ஒரு குழந்தைக்கு இரண்டு நண்பர்கள். கூடினால் பாதகமில்லை, குறைந்தால் குறைபாடு.

லிஃப்ட்காரருக்கு இந்தக் கண்டுபிடிப்பு தெரியவந்தது ஒரு புதன்கிழமை காலையில், மகளின் மழலையர் பள்ளி வாசலில், கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய ஒரு தாளில். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாற்பது கட்டிடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. வாரியத்தின் ஆறு மாடி லிஃப்டும் அதில் ஒன்று. மகளுக்குக் குருவி என்று பெயர் வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். தாளில் இப்படி இருந்தது: ‘கவனம்: சிதறல், இரண்டாம் நிலை. நட்பு: பூஜ்யம். பரிந்துரை: வரும் திங்களுக்கு அடுத்த திங்கள் முதல் ஒருமுகப்படுத்தும் அறை.’

அவர் அதை இரண்டு தடவை படித்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பள்ளியின் தலைமை ஆசிரியை, எல்லோரும் பெரிய டீச்சர் என்று அழைப்பவர், அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பெரியவர்களுக்கும் அங்கே குழந்தை நாற்காலிதான். முழங்கால் இரண்டும் காதை உரச, லிஃப்ட்காரர் உட்கார்ந்தார்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். நாங்க எந்தக் குழந்தைக்கும் லேபிள் ஒட்டறதே இல்ல” என்றார் பெரிய டீச்சர். “உங்க பொண்ணு சி-இரண்டு. அவ்வளவுதான்.”

“அது என்ன மேடம் ஒருமுகப்படுத்தும் அறை?”

“ரொம்ப அருமையான ஏற்பாடு. ஜன்னல் கிடையாது, படம் கிடையாது, பொம்மை கிடையாது, வேற குழந்தைங்களும் கிடையாது. கவனத்தைக் கலைக்க ஒண்ணுமே இருக்காது. போன வருஷம் வரைக்கும் துடைப்பம் வைக்கிற ரூமா இருந்தது. நாங்கதான் மேம்படுத்தினோம்.”

கவனச் சோதனை எப்படி நடந்தது என்று அவரே விளக்கினார். சுவரில் ஒரு பச்சை வட்டம் ஒட்டியிருக்கும். குழந்தை அதன் முன் உட்கார்ந்து நான்கு நிமிடம் அதையே பார்க்க வேண்டும். வட்டம் ஒன்றும் செய்யாது. வாரியம் அனுப்பிய கவனிப்பாளர் என்ற இளம்பெண், ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக எதிரில் உட்கார்ந்து, குழந்தை வேறு எதைப் பார்த்தாலும் குறித்துக்கொள்வார். குருவி நாற்பத்தொரு பொருள்களைப் பார்த்திருந்தாள். மின்விசிறியை ஏழு தடவை, ஜன்னலில் ஊர்ந்த எறும்பை ஆறு தடவை, கவனிப்பாளரின் சாக்ஸில் இருந்த ஓட்டையை நான்கு தடவை. “அக்கா, உங்க கட்டைவிரல் எட்டிப் பாக்குது” என்று சொல்லவும் செய்திருந்தாள். அது ‘பொருத்தமற்ற சமூக அணுகுமுறை’ என்ற கட்டத்தில் ஏறியிருந்தது.

“வட்டத்தை எத்தனை தடவை பாத்தா மேடம்?”

“ஒரே ஒரு தடவை.”

“ஒரு தடவை போதாதா? அது என்ன மாறவா போகுது?”

பெரிய டீச்சர் பரம்பரைக் காரணிகள் என்று தலைப்பிட்ட கட்டத்தில் என்னவோ எழுதினார்.

நட்பு விஷயம் இன்னும் மோசம். ஒவ்வொரு குழந்தையிடமும் கவனிப்பாளர் பத்துக் கேள்விகள் கேட்பார். ஒரு கேள்விக்குப் பத்து விநாடி. அதற்குள் வாய் திறக்காவிட்டால் ‘பதில் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஆறாவது கேள்வி, ‘உன் ஃப்ரெண்டு யாரு?’ அந்தப் பதில்களை வைத்து ஒரு நட்பு வரைபடம் தயாரித்து, நடைபாதைச் சுவரில், எல்லாப் பெற்றோரும் பார்க்கும்படி மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வட்டம், நட்புக்கு ஓர் அம்புக்குறி. இரண்டு பக்கமும் அம்பு இருந்தால்தான் நட்பு செல்லும். குருவியின் வட்டத்திலிருந்து ஒரே ஓர் அம்பு புறப்பட்டுச் சிலை என்ற பையனிடம் போனது. திரும்பி வரவில்லை.

சிலை என்பது ஆசிரியைகள் வைத்த பெயர். அவன் வைத்த இடத்தில் இருப்பான். பேச்சும் குதிரைக்கொம்பு.

“இதை ஒருதலை நட்புன்னு சொல்லுவோம்” என்றார் பெரிய டீச்சர், குரலைத் தாழ்த்தி. “இன்னொண்ணும் இருக்கு. சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன். ஏழாவது கேள்வி, ‘உனக்கு யாரைக் கண்டா பயம்?’ அதுக்கு அந்தப் பையன் உங்க பொண்ணு பேரைத்தான் சொல்லியிருக்கான்.”

லிஃப்ட்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. பாவிப் பெண், அந்தப் பையனை என்ன செய்தாளோ. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவசரப்பட்டுவிட்டோம் என்று தெருமுனை திரும்பும்போதே தெரிந்துவிட்டது.

வாரியம் அப்படியொன்றும் கல்நெஞ்சு படைத்ததல்ல. திங்கட்கிழமைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்ததால், கடைசி முயற்சியாகக் குருவிக்கு ஒரு நியமனத் தோழியை ஏற்பாடு செய்தது. வகுப்பிலேயே அதிக அம்புகள் வாங்கிய சிறுமி அவள். தினமும் பதினைந்து நிமிடம் குருவியின் பக்கத்தில் உட்கார்ந்து, இடையிடையே சிரிக்க வேண்டும். வருகைப் பதிவேடு உண்டு. முதல் நாள் சிரித்தாள். இரண்டாம் நாள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிஸ்கட் கேட்டாள். மூன்றாம் நாள் அம்மாவின் கையெழுத்தோடு விடுப்புக் கடிதம் அனுப்பிவிட்டாள். குருவியின் கோப்பில் ‘நட்பு வழங்கப்பட்டும் பயன்படுத்திக்கொள்ளவில்லை’ என்று பதிவாயிற்று.

லிஃப்ட்காரரின் மனைவி மருந்துக்கடையில் பில் போடுபவள். நாள் முழுக்க வரிசையில் நிற்பவர்களிடம் பொறுமையாகப் பேசிப் பேசி, வீட்டுக்கு வரும்போது மிச்சம் இருக்காது.

“ரெண்டு பேரா? எனக்கே ரெண்டு பேர் தேற மாட்டாங்க” என்றாள் அந்தப் புதன்கிழமை இரவு. “நீங்களே போன மாசச் சண்டைக்கப்புறம் இந்த வாரம்தான் முகம் குடுத்துப் பேசறீங்க. அப்ப என்னையும் அந்த ரூம்ல போடுவாங்களா?”

“கேலி பண்ணாதே. கையெழுத்து வேற போட்டுட்டேன்.”

“அதான் பெரிய ஆம்பள. தாளை நீட்டினா கையெழுத்து, கையை நீட்டினா மோதிரம்.”

அப்போதுதான் இருவரும் குருவியைக் கவனித்தார்கள். படுக்கையறைச் சுவரில், தன் உயரத்துக்கு, பச்சைக் கிரேயானால் ஒரு கோணல் வட்டம் வரைந்து, அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கும் அளவுக்கு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை அசைக்காமலே கேட்டாள்: “அப்பா, எத்தனை நாள் பாத்தா நான் நல்ல பொண்ணு ஆவேன்?”

மனைவி சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். லிஃப்ட்காரருக்கு அழுகை வந்தது. அழத் தெரியாததால் கோபமாக மாறிவிட்டது. அன்றைக்கே வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். என் மகளை அந்த அறைக்கு அனுப்பக் கூடாது, எங்களை அழைத்து விசாரிக்க வேண்டும் என்று.

ஆறாம் நாள் பதில் வந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று வியந்து பிரித்தார். ‘தங்கள் கடிதம் கண்டோம். தாங்கள் கோரியுள்ளபடி எங்கள் கட்டிட லிஃப்டின் கதவு சென்சாரை மாற்றுவது குறித்துப் பரிசீலனை செய்யப்பட்டு வருகிறது’ என்றிருந்தது. அது அவர் பதினான்கு மாதங்களுக்கு முன், லிஃப்ட் மெக்கானிக் என்ற முறையில் எழுதிய கடிதத்துக்கான பதில். சென்சார் போய்விட்டது, மாற்றாவிட்டால் என்றைக்காவது யாராவது உள்ளே மாட்டிக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தார். மகளைப் பற்றிய கடிதத்துக்கு, இந்தக் கணக்கில், அவள் பள்ளி மாறிய பிறகு பதில் வரும்.

அடுத்த நாள் ஒரு வேலை சீக்கிரம் முடிந்ததால் பள்ளிக்கு முன்னதாகவே போனார். ஜன்னல் வழியாக வகுப்பறை தெரிந்தது. மூலையில் சிலை கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். குருவி அவன் முன் வந்து குனிந்தாள். “அடுத்து எந்தக் கட்டை?” என்று கேட்டாள். கேட்டதோடு சரி, பதிலுக்கு நிற்கவில்லை. மீன் தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். ஒருத்தியின் பின்னலை மோந்தாள். ஜன்னல் கொக்கியை ஆட்டினாள். திரும்பி வந்து அவன் முன் நின்று, “ம்?” என்றாள்.

“செவப்பு” என்றான் சிலை.

அவள் சிவப்புக் கட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் வைத்தான். “இப்ப?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் பறந்தாள். பயப்படுகிற பையன் போலத் தெரியவில்லையே என்று லிஃப்ட்காரர் நினைத்தார். அதற்கு மேல் அப்போது அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வாசலில் சிலையின் அம்மா நின்றிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண், எப்போதும் அவசரத்தில் இருப்பவள், அன்று அசையாமல் நின்றிருந்தாள். கையில் ஒரு கவர்.

“அண்ணா, நீங்க குருவியோட அப்பாதானே? இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். எம் பையனுக்கு என்னமோ பெருசா இருக்குன்னு எழுதியிருக்காங்க. அவன் காலையில சாப்பிட்டது என்னன்னு கேட்டதுக்கு, அவன் பேரையே சொல்லியிருக்கானாம். தன்னைத்தானே தின்னுக்கற எண்ணம் இருக்கலாமாம்.” கவரை அவர் பக்கம் நீட்டினாள். “நெசமாவே அவனுக்கு முட்டைதான்ணா குடுத்தேன்.”

லிஃப்ட்காரர் தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மதியம் ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றின் மொட்டை மாடியில், லிஃப்டின் மெஷின் ரூமில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படித்தார்.

முதல் கேள்வி, உன் பெயர் என்ன. பதில் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டாய்: அவன் பெயர். பிடித்த மிருகம்: முட்டை. பிடித்த நிறம்: ஆமை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்: மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வாரியத்தின் ஆலோசகர் நுணுக்கி நுணுக்கி விளக்கம் எழுதியிருந்தார். மஞ்சள் என்பது குடும்பத்தில் வெளிச்சம் தேடும் ஏக்கமாம். முட்டையை மிருகமாகக் காண்பது பிறக்கவே மறுக்கும் மனமாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது ஒரு கலைதான். ஆனால் அதற்கு முழுநேர வேலை கிடைக்கும் என்று லிஃப்ட்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது.

இது அவருக்குப் பழக்கமான கோளாறு. மூன்றாவது மாடியில் ஒருவர் பட்டனை அழுத்துவார். லிஃப்ட் மெதுவாக வரும். அதற்குள் அவர் பொறுமையிழந்து படியில் இறங்கிப் போய்விடுவார். லிஃப்ட் வந்து கதவைத் திறக்கும்போது எதிரில் வேறு யாரோ நிற்பார். ‘நான் கூப்பிடவே இல்லை, அதுவா வருது, லிஃப்ட்ல என்னமோ கோளாறு’ என்று போன் செய்வார். லிஃப்டில் ஒரு கோளாறும் இருக்காது. கூப்பிட்டவர்தான் நிற்கவில்லை.

பேனாவை எடுத்து, ஒவ்வொரு பதிலையும் ஒரு வரி மேலே ஏற்றி எழுதினார். பெயருக்கு அவன் பெயர். காலையில் முட்டை. மிருகம் ஆமை. நிறம் மஞ்சள். வீட்டில் அம்மா, பாப்பா. உன் ஃப்ரெண்டு யார் என்ற ஆறாவது கேள்விக்கு நேராக, குருவி.

மெஷின் ரூமில் தனியாக உட்கார்ந்து லிஃப்ட்காரர் சத்தமாகச் சிரித்தார். மேலும் ஏற்றினார். யாரைக் கண்டால் பயம்: பெரிய டீச்சர். பள்ளியில் உனக்கு மிகவும் பிடித்தவர்: ஆயாம்மா. இங்கே உனக்குப் பிடிக்காதது: கேள்வி. பெரியவனாகி என்ன ஆவாய் என்ற பத்தாவது கேள்விக்கு மட்டும் இடம் காலி. அந்தப் பதில் வருவதற்குள் கவனிப்பாளர் தாளை மடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அன்று மாலையே பள்ளிக்கு ஓடினார். “ஒண்ணுமில்ல மேடம், ஒரு வரி தள்ளிப் படிச்சாப் போதும். பையன் எல்லாத்துக்கும் சரியாத்தான் சொல்லியிருக்கான். கொஞ்சம் நேரம் ஆகுது, அவ்வளவுதான்.”

பெரிய டீச்சர் தாளைப் பார்த்தார். முதலில் ஆச்சரியப்பட்டார். ஆறாவது வரியில் தலையாட்டவும் செய்தார். ஏழாவது வரிக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. காரணம் அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட சட்டத்தில் வாரியத்தின் பாராட்டுப் பத்திரம்: ‘பேசாத குழந்தையின் மனத்தையும் கவர்ந்தவர்.’ பிடித்தவர் யார் என்ற எட்டாவது கேள்விக்குச் சிலை சொன்னதாகப் பதிவான பதிலுக்காகக் கொடுத்தது அது. அதே தாளை வைத்துத்தான் ஆயாம்மாவை, குழந்தைகளுக்குப் பிடிக்காதவர் என்று வகுப்புக்குள் வரவிடாமல் வெளி வாசலைப் பெருக்கப் போட்டிருந்தார்கள்.

“தள்ளிப் படிக்க முடியாது சார்” என்றார் பெரிய டீச்சர். “வரியெல்லாம் அச்சடிச்சது.”

“நான் சும்மா மனசுலதான்...”

“மனசுல படிக்க எங்களுக்கு அனுமதி இல்ல. வெள்ளிக்கிழமை வாரியத்துலேருந்து வர்றாங்க, அவங்ககிட்ட சொல்லிக்கோங்க.”

வெள்ளிக்கிழமை அந்தக் கூட்டம் வகுப்பறையிலேயே நடந்தது. வாரியத் தலைவர், ஆலோசகர், ஸ்டாப்வாட்ச்சோடு கவனிப்பாளர், பெரிய டீச்சர் நால்வரும் ஒரு பக்கம். லிஃப்ட்காரர், அவர் மனைவி, சிலையின் அம்மா மூவரும் குழந்தை நாற்காலிகளில் இன்னொரு பக்கம். சிலை நடுவில் நின்றான். குருவி எங்கே இருந்தாள் என்று சொல்வது கடினம். எல்லா இடத்திலும் இருந்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “ஒரு குழந்தைக்கு நாம குடுக்கக்கூடிய மிகப் பெரிய செல்வம் என்னன்னு கேட்டா, நான் சொல்லுவேன், கவனம்! என்னோட இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல, குழந்தைகளைப் பத்தி நானூறு அறிக்கை எழுதியிருக்கேன். ஒரு குழந்தையையும் நேர்ல பாத்து அதனால என் முடிவு பாதிக்கப்பட்டதில்ல. அந்த அளவுக்கு நடுநிலைமை. கவனம் என்பது...” போன் அடித்தது. எடுத்து, மாலை விருந்துக்கு எத்தனை பேர் என்று பேசி முடித்தார். “எங்க விட்டேன்?”

ஆலோசகருக்குத் தெரியவில்லை. அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவனிப்பாளருக்கும் தெரியவில்லை.

“‘கவனம் என்பது’ல விட்டீங்க” என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். குருவி வெளியே வந்து, தலைவரின் பேனா மூடியை எடுத்துக் கொடுத்துவிட்டு மீன் தொட்டிப் பக்கம் போனாள்.

லிஃப்ட்காரர் எழுந்து, நாக்குக் குழற, லிஃப்ட், பட்டன், ஒரு வரி எல்லாவற்றையும் சொன்னார். “இங்கயே அவனைக் கேட்டுப் பாருங்க சார். கேட்டுட்டு, கொஞ்சம் சும்மா இருங்க. அவ்வளவுதான்.”

“சும்மா இருக்கறதுக்கு வழிமுறையில இடமில்ல” என்றார் தலைவர். இருந்தாலும் பெருந்தன்மையோடு குனிந்தார். “தம்பி, குருவி உன்னை ரொம்பத் தொந்தரவு பண்றாளா?”

கவனிப்பாளர் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார். சிலை தலைவரின் மூக்கையே பார்த்தான். பத்து விநாடி ஆயிற்று. “பதில் இல்லை” என்று எழுதினார்கள்.

இதுதான் சமயம் என்று பெரிய டீச்சர் முகமெல்லாம் பல்லாகக் கேட்டார்: “கண்ணு, உனக்குப் பெரிய டீச்சரை ரொம்பப் பிடிக்கும்தானே?”

“இல்ல” என்றான் சிலை, தெளிவாக.

தலைவர் பெரிய டீச்சரைப் பார்த்தார். பாராட்டுப் பத்திரத்தில் இருந்தது தலைவரின் கையெழுத்து.

“சார்! அது எனக்கில்ல!” என்று பெரிய டீச்சர் பதறினார். “அது முந்தின கேள்விக்குப் பதில் சார்! இந்தப் பையன் எப்பவும் அப்படித்தான், கொஞ்சம் லேட்டாத்தான் சொல்லுவான். எல்லாருக்கும் தெரியும்!”

தவளை தன் வாயால் கெட்டது. ஆனால் அது யாருக்கும் உறைக்கும் முன்பே ஆலோசகர் புகுந்தார். “சரி தம்பி, குருவி உன் பக்கத்துல வந்தா உனக்கு எப்படி இருக்கும்?”

“பயமா இருக்கும்” என்றான் சிலை.

“பாத்தீங்களா!” என்று கைதட்டினார் பெரிய டீச்சர். “இது இந்தக் கேள்விக்குப் பதில்!”

லிஃப்ட்காரருக்கு நாற்பது லிஃப்டுகளின் பொறுமை இருந்தது. அதுவும் தீர்ந்துவிட்டது. “மேடம், ஒண்ணு சொல்லுங்க. ‘பயம்’ குருவிக்குன்னா, அந்த ‘இல்ல’ உங்களுக்கு. அந்த ‘இல்ல’ குருவிக்குன்னா, ‘பயம்’ உங்களுக்கு. ரெண்டுல எது வேணும்? எடுத்துக்கோங்க.”

சிலையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிலைமையைச் சமாளிக்கத் தலைவர் தட்டை நீட்டினார். “தம்பி, பிஸ்கட் வேணுமா?”

“சிரிப்பா வரும்” என்றான் சிலை. சொல்லிவிட்டு, குருவி இருந்த பக்கம் பார்த்து, உண்மையாகவே சிரித்தான். அவன் சிரித்து லிஃப்ட்காரர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆலோசகர் மட்டும், பிஸ்கட்டைக் கண்டால் சிரிப்பு வருவது குறித்துத் தனித் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

வாரியம் தனியாகக் கூடி விவாதித்தது. பையன் தாமதமாகப் பதில் சொல்கிறான் என்று ஒப்புக்கொண்டால் பத்திரம் பொய்யாகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்றைய ‘இல்ல’ பெரிய டீச்சரின் தலையில் விழும். அரை மணி நேரம் கழித்துத் தலைவர் வெளியே வந்தார். “இது ஆழமா சிந்திக்க வேண்டிய விஷயம். அவசரப்பட்டுப் பதில் சொல்றது எங்க வழக்கமில்ல. முடிவு எழுத்துமூலமா வரும்.”

“எப்ப சார்?” என்று கேட்டாள் லிஃப்ட்காரரின் மனைவி.

“வரும்மா. உரிய காலத்துல வரும்.”

“பச்சப்புள்ளைக்குப் பத்து செகண்டு. உங்களுக்கு உரிய காலமா?”

தலைவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்தது. முடிவு வரவில்லை. லிஃப்ட்காரர் குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றார். வலது பக்கம் வகுப்பறை; உள்ளே மூலையில் சிலை கட்டைகளோடு உட்கார்ந்திருந்தான், பக்கத்து நாற்காலி காலி. இடது பக்கம் ஒருமுகப்படுத்தும் அறை. கதவு திறந்திருந்தது, பச்சை வட்டம் தெரிந்தது, பினாயில் வாடை வந்தது. இரண்டுக்கும் நடுவில் பெரிய டீச்சர். குருவியின் கை அவர் விரலை இறுக்கிப் பிடித்திருந்தது. வாசலில் ஆயாம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்த ரூம் மேடம்?” என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

பெரிய டீச்சர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். அந்த அறை என்று சொன்னால் இந்த ஆள் மறுபடியும் அந்த ‘இல்ல’வைக் கிளப்புவார். இந்த அறை என்று சொல்ல வாரியத்தின் கடிதம் இல்லை. சொந்தமாக ஒரு பதிலைச் சொல்லி அவருக்குப் பல வருடம் ஆகியிருந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

லிஃப்ட்காரர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். முள் நகர்ந்துகொண்டிருந்தது. ஆயாம்மாவுக்கு விஷயம் புரிந்து, ஏழு, எட்டு, ஒன்பது என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

“பத்து செகண்டு ஆச்சு மேடம்” என்றார் லிஃப்ட்காரர். “பதில் இல்லைன்னு எழுதிக்கறேன்.”

குருவியை அழைத்துக்கொண்டு வலது பக்கம் போனார். யாரும் தடுக்கவில்லை, தடுப்பதற்கும் ஒரு கடிதம் வேண்டுமே. அந்தக் காலி நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். அவள் உட்காரவில்லை, அது வேறு விஷயம். சிலையின் முன் குனிந்து, “என்னைத் தேடினியா?” என்று கேட்டுவிட்டு மீன் தொட்டிக்கு ஓடினாள்.

அவர் பையில் போன் அடித்தது. வாரியத்தின் கட்டிடத்திலிருந்து காவலாளி. “சார், சீக்கிரம் வாங்க, லிஃப்ட் கதவு தொறக்கல. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல தலைவர் மாட்டிக்கிட்டாரு. தட்டு தட்டுன்னு தட்டறாரு. எப்ப வருவீங்க?”

லிஃப்ட்காரர் உடனே பதில் சொல்லவில்லை. குருவி ஜன்னல் கொக்கியை ஆட்டினாள். ஒரு ஷூ லேஸை அவிழ்த்துப் பார்த்தாள். பெரிய கேள்வி, கொஞ்சம் கூடுதல் நேரம்தான் ஆகும். அவள் திரும்பி வந்து நின்று, “ம்?” என்றாள். வேலைக்கு நேரமாகியிருந்தும் அவர் கதவோரமாகச் சாய்ந்து நின்றார். லிஃப்டுக்குள் இருப்பவர் எங்கேயும் போய்விடப் போவதில்லை.

“ரெண்டு நாளா” என்றான் சிலை.

“வர்றேன்” என்று போனில் சொல்லிவிட்டு, லிஃப்ட்காரர் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.